பூவரசடியில் ஒன்பது பல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பசியாவரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லோகநாயகி வாயைத் திறந்தால் கரையில் நிற்கிற நாரைகூடப் பறந்துவிடும் என்று என் தம்பி சுப்பராயலுவே சொல்லிச் சிரிப்பான். ஆனால் அந்தப் பூண்டுப் பாத்தியைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்குக் குரல் எழும்பாது. அந்த நாலு மாதமும் பாதித் தூக்கத்தில் நடந்த மாதிரிதான் என் நினைவில் இருக்கிறது.

முதலில் பழைய தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு நான் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். அடுப்பும் உறியும் என் பொறுப்பு. தம்பி மனைவி தேவகிக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க எங்கள் பக்கம் பால்சுறாவை வேகவைத்து உதிர்த்து, பூண்டை நசுக்கிப் போட்டுப் புட்டு செய்து கொடுப்போம். பால்சுறா வாசலுக்கே வரும். பூண்டுதான் மேற்கே மலைப்பக்கத்திலிருந்து பொதிமாட்டில் வரவேண்டும். அந்த வருஷம் புரட்டாசியிலேயே ஒரு கூடை கிடைத்துவிட்டது. மழைக்காலத்தில் முளைவிட்டு வீணாகிவிடுமே என்று பயந்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைப் பத்திரம் பண்ணினேன். கருவாடு போடுகிற மாதிரி உப்பைத் தடவி, சுடுமணலில் பாய் விரித்து மூன்று நாள் காயவைத்து, பானையில் அடைத்து வாயைக் கட்டினேன். மீனுக்கு அது சரி. பிரசவத்தன்று பானையைத் திறந்தால் உள்ளே கறுப்புக் கூழ்தான் இருந்தது.

தேவகிக்குப் பால் வரவில்லை. ஆட்டுப்பாலில் துணியை நனைத்து நனைத்து வாயில் வைத்தேன். பதினோராம் நாள் அந்தப் பெண்குழந்தை போய்விட்டது. பூண்டு இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. தேவகியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, தீர்த்திருப்பேன்.

பச்சைப்பிள்ளை இறந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விடிகிற நேரத்தில் தகப்பன் மட்டும் எடுத்துக்கொண்டு போவான். புதைத்து, மணலைக் காலால் தள்ளிச் சமன் செய்து, அடையாளம் எதுவும் வைக்காமல் திரும்பிவிடுவான். எங்கே என்று பெண்கள் கேட்கக் கூடாது, அவனும் சொல்லக் கூடாது. தெரிந்தால் பெற்றவள் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள் என்பதற்காக. பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர்கள் அப்படியில்லை. கோட்டைக்குப் பக்கத்தில் செத்தவர்களுக்கெல்லாம் கல்லை நட்டு, பெயரும் மண்டையோடும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மறக்க வேண்டியதை யாராவது கல்லில் வெட்டுவார்களா என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மறப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்துத் தேவகி மறுபடி உண்டானாள். பங்குனியில் பிறக்கும் என்று கணக்கு. அந்த வருஷம் பார்த்து மேற்கே ஏதோ சண்டை. யாருக்கும் யாருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. குதிரைக்காரர்கள் வழியை அடைத்துவிட்டார்கள், பொதிமாடு வரவில்லை என்பதுதான் தெரியும். சுப்பராயலு கோட்டைத் துறையிலிருந்து துணிமூட்டைகளைத் தோணியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோகிறவன். கோட்டைக்குள் பூண்டு சரம் சரமாகத் தொங்குகிறது என்று கேள்விப்பட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்திருக்கிறான்.

"அவங்களுக்கே பத்தலையாம்க்கா. எங்கனா கெடச்சா எங்களுக்குக் கொண்டாந்து குடுன்றான்," என்று வந்து சொன்னான்.

"நல்லா கேட்டே போ," என்று எரிந்து விழுந்தேன். அவன் என்ன செய்வான் பாவம். எனக்குத்தான் பயம், அதைக் கோபமாக்கி அவன்மேல் போட்டேன்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், தோணியில் ஏரியைத் தாண்டி அக்கரையில் இறங்கி, கருவாட்டுக் கூடையோடு திருப்பாலைவனத்துக்கு நடந்தேன். அங்கே முனியம்மாள் என்று என் வயசுக்காரி ஒருத்தி இருக்கிறாள். நெல்லைக் கொடுத்துக் கருவாடு வாங்குவாள். அவள் பிறந்த ஊர் மேற்கே மலையடிவாரம். வாழ்க்கைப்பட்ட ஊரில் எல்லாரும் நெல்லே கதி என்று கிடக்க, இவள் மட்டும் பிறந்த வீட்டு நினைப்பில் கிணற்றடியில் நாலு பூண்டு போட்டு வைப்பாள். அன்றைக்கு அவள் வீட்டில் ஒரே ஒரு பூண்டுதான் மிச்சம் இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத்த துன்னா ரெண்டு வேளைக்கு ஆவும். பல்லுப் பல்லா நட்டா பங்குனிக்கு ஒன்பது பூண்டு. இன்னாம்மே சொல்றே?"

"எங்க மணல்ல வருமா?"

"உப்பு படலைன்னா வரும். உன் கையே உப்பாச்சே, அதான் பயம்," என்று சிரித்தாள். அப்புறம் கூடையை இறக்கி வைக்கக்கூட விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "தோல உரிக்காத. கூர் மேல பாக்கறா மாதிரி வெரல் ஆழத்துல சொருவு. மேல வைக்கோல் போத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி தெளி, குளிப்பாட்டாத. கடைசி இருவது நாள் ஒரு சொட்டு காட்டக்கூடாது. மேல வாட உட்டாத்தான் கீழ தெரளும். புடுங்கினா நெழல்லயே காயட்டும். வெயில்ல போட்டேன்னு வெச்சுக்கோ, நானே வந்து உதைப்பேன்."

அவளுக்கு என் பழைய கதை தெரியாது. சும்மாதான் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அவள் வீட்டில் அப்போது அடுப்பே எரியவில்லை.

பசியாவரம் தீவில் எதையாவது நடுவதென்றால் முதலில் மண்ணைத் தின்று பார்க்க வேண்டும். எங்கே தொட்டாலும் கரிக்கும். திரும்பி வந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் தீவு முழுக்க நடந்து நடந்து நாக்கில் மண்ணை வைத்துத் துப்பிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் பின்னால் இருக்கிற மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பூவரசு நிற்கிறது. தீவில் அந்த மரம் அது ஒன்றுதான். அதற்குக் கிழக்கே ஒரு பாய் அகலத்துக்குப் புல் பச்சைப் பசேலென்று இருந்தது. சுற்றிலும் வெளுத்த மணல், நடுவில் அந்தப் பச்சை. நாக்கில் வைத்தேன். இனித்தது என்றே சொல்லலாம். காலை வெயில் விழும், உச்சிவெயிலுக்கு மரம் நிழல் கொடுக்கும், பத்தடியில் ஊற்று. எங்கள் ஊற்றில் முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும், ஆசைப்பட்டு இன்னும் தோண்டினால் உப்பு ஏறிவிடும். தெய்வம் எனக்கென்றே இந்த இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது என்று நினைத்தேன். என் பாவத்தைக் கழுவ ஒரு பாய் அளவு மண். அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்து கும்பிட்டேன்.

மறுநாள் புல்லைச் செதுக்கிவிட்டு, சாம்பலும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து, ஒன்பது பல்லையும் கூர் மேலாக நட்டேன். நண்டு நோண்டாமல் இருக்க முள்ளை வளைத்துக் கட்டினேன்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். "மேட்டுக்கு அந்தாண்ட பூவரசடியில பூண்டு நட்டுட்டேன். பச்சையா ஒரு எடம் கெடக்குது பாரு, அங்க."

சுப்பராயலு வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே கலத்தில் வைத்தான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான்.

"இன்னாடா, குழம்பு புடிக்கலியா? ஆக்கிக் கொட்டறவளுக்கு இதான் மரியாதையா?" என்று கத்தினேன்.

தேவகி குனிந்தபடி இருந்தாள். "அங்கியா நட்டே?" என்று மட்டும் கேட்டாள். அவன் வைத்துவிட்டுப் போன கலத்தை எடுத்துக்கொண்டே, "சரிக்கா," என்றாள். என் கையில் பட்டது உருப்படுமா என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வலித்தது. ஆனால் அவள் பயந்தால் அதில் தப்பில்லையே.

ஏழாம் நாள் முளைத்தது. ஒன்பதும் முளைத்தன. பச்சை ஊசி மாதிரி வைக்கோலைக் குத்திக்கொண்டு நின்றன. நான் ஆடாத குறை.

அந்த மார்கழி மாதிரி ஒரு மார்கழியை நான் பார்த்ததில்லை. விடியும்போது ஏரியும் வானமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். பூநாரைகள் தண்ணீரில் நிற்கின்றனவா ஆகாசத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியாது. கோட்டை மணி அடித்தால் ஏரிக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். இறால் போடுகிற ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பேன். வாயில் கயிறு இருப்பதால் அந்த நேரம் மட்டும் நான் யாரையும் திட்டுவதில்லை. சேற்றுக்குள் விரலில் வந்து சுருளுகிற இறால் ஒவ்வொன்றும் ஒரு பூண்டுப்பல் அளவு இருக்கும். கண்ணை மூடினால் மணலுக்கு அடியில் ஒன்பது பூண்டும் வெள்ளையாக மூச்சு விடுவது தெரியும். ஒருநாள் அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். கனவில் பூவரசடியில் ஒரு குழந்தை பூண்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பறி நழுவி இறாலெல்லாம் போனபிறகுதான் முழித்தேன். கனவு நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

தையில் இலைநுனி மஞ்சளடித்தது. அப்புறம் அடியிலையும் மஞ்சளானது. பாத்தி மண்ணைத் தின்று பார்த்தேன், உப்பில்லை. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகிக் கொழகொழவென்று, மூன்று வருஷத்துக்கு முன்னால் பானைக்குள் பார்த்த அதே கறுப்பு, அதே நாற்றம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் கைதான் அப்படி என்று நினைத்தேன்.

அழுகியதை முந்தானையில் முடிந்துகொண்டு திருப்பாலைவனத்துக்கு ஓடினேன். முனியம்மாள் முகர்ந்து பார்த்தாள்.

"தண்ணி. வேற ஒண்ணுமில்ல. குளிப்பாட்டாதன்னு சொன்னேனா இல்லியா?"

"தெளிக்கத்தானே செய்யறேன், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்!"

"அப்ப வேற யாரோ ஊத்தறாங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எவளுக்கு நம் வீட்டின்மேல் அவ்வளவு வயிற்றெரிச்சல்? வழியெல்லாம் தீவில் உள்ள ஒவ்வொருத்தியையும் மனசில் நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் இறாலுக்குப் போகிற மாதிரி பறியை எடுத்துக்கொண்டு கிளம்பி, மேட்டைச் சுற்றி வந்து ஒரு புதர் மறைவில் உட்கார்ந்தேன். வருகிறவளின் கூந்தலைப் பிடித்து ஏரிவரைக்கும் இழுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தேன்.

உச்சிப்பொழுதில் தேவகி வந்தாள்.

ஏழு மாச வயிறு. இடுப்பில் ஒரு சின்னக் குடம். ஊற்றில் மெதுவாகக் குனிந்து மொண்டாள். முள்ளை விலக்கிப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தாள். ஊற்றவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் ஏந்தி விட்டாள். விட்டுவிட்டு உள்ளங்கையால் மண்ணைத் தடவினாள். வாய் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"அடியே!" என்று கத்திக்கொண்டு போய் நின்றேன். "நீதானா? இன்னா காரியம் பண்றே நீ? உனக்காகத்தானே நட்டேன்! அழுவிப் போச்சு தெரியுமா? என்மேல நம்பிக்கை இல்லைன்னா வாய தொறந்து சொல்லித் தொலையேன்!"

அவள் பயப்படவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"பூண்டுக்கு ஊத்தலக்கா," என்றாள். "பாப்பாவுக்கு ஊத்தறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

"அவரு சொல்லல," என்றாள் தேவகி. "அன்னிக்கு விடியக்காலம் திரும்பி வந்தாரே, அவரு தலையில பூவரசம்பூ ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துது. தீவுல பூவரசு இது ஒண்ணுதானே. வந்து பாத்தேன். காலால தள்ளின மணலு தனியா தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து வரேன். நீ ஏரிக்குப் போனப்புறம் வருவேன். பால்தான் நான் குடுக்கல. தண்ணியாவது குடிக்கட்டும்னு."

மூன்று வருஷம். தினம் ஒரு குடம். தீவில் அந்த ஒரு பாய் அகலம் மட்டும் ஏன் பச்சையாக இருந்தது, மண் ஏன் இனித்தது, தம்பி ஏன் கவளத்தை வைத்துவிட்டு எழுந்து போனான், எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவன் வழக்கத்தை மீற முடியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, அந்தப் புல்லை வேரோடு செதுக்கி எறிந்திருக்கிறேன். தெய்வம் கொடுத்தது என்று கும்பிட்டு வேறு வைத்திருக்கிறேன்.

"புடுங்கிப் போட்டுடறேன் தேவகி," என்றேன். "இப்பவே புடுங்கிடறேன். என்னை மன்னிச்சுடு."

"வேணாம்," என்றாள். "நீ நட்டேன்னு சொன்னப்ப எனக்கு உன்ன அடிக்கணும்போல இருந்துது. மொதல்லயும் இருந்துதுக்கா, அந்தப் பானைய தொறந்த அன்னிக்கு. ரெண்டு வருஷம் இருந்துது. இந்தத் தடவ மொளை வந்துது பாரு, அதப் பாத்தேன். அவ தலைமாட்டுலேர்ந்து வந்துது. தம்பியோ தங்கச்சியோ வரப்போவுது, அதுக்கு அவ குடுக்கறான்னு நெனச்சுக்கினேன்."

இரண்டு பேரும் பாத்திக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அழுதோம். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அழுதிருக்க வேண்டியது. பூவரசு எங்கள் தலையில் மஞ்சள் பூவை உதிர்த்துக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் நான் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டேன். தேவகி ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரைக் குடம் விட்டாள். இன்னும் ஒன்று அழுகியது, ஒன்றை முள்ளையும் தாண்டி நண்டு தோண்டிப் போட்டது. மிச்சம் ஆறு தேறி நின்றன. மாசிப் பிறப்புக்குள் இலையெல்லாம் மறுபடி பச்சை கட்டி, தண்டு என் சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டது. நான் அதிகம் பார்ப்பதில்லை. பார்த்தால் ஏதாவது செய்யத் தோன்றும், செய்தால் கெடும் என்று தெரிந்துபோயிற்று.

மாசி நடுவில் முனியம்மாள் சொன்ன அந்த நாள் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாக்குக்குப் பேர்போன நான் காலையிலிருந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் தேவகியே கேட்டாள்.

"இன்னாக்கா, சொல்லேன்."

"இனிமே இருவது நாளு ஊத்தக் கூடாதாம். காய உடணுமாம். அப்பத்தான் பூண்டு தெரளுமாம்."

அவள் இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கை நின்றது. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்ததோ என்னவோ, ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட."

"வெயில் ஏற ஆரம்பிச்சுடுச்சேக்கா. அவளுக்குத் தாகமா இருக்குமே."

பூண்டு நாசமாகப் போகட்டும், நீ ஊற்று என்று சொல்லிவிடலாம் போல வந்தது. ஆனால் வயிற்றில் இருக்கிறதே, அதற்கு யார் பதில் சொல்வது? மறுபடி ஒரு பதினோராம் நாள் வந்தால் என்னால் தாங்க முடியாது. "உன் இஷ்டம் தேவகி," என்றேன். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் உச்சிக்கு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே போய் மேட்டில் நின்றேன். ஒளியவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊற்றில் மொண்டாள். பாத்தி ஓரம் உட்கார்ந்தாள். குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஏரி அன்று கண்ணாடியாகக் கிடந்தது, ஒரு அலை இல்லை. தூரத்தில் கப்பல் ஒன்று பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றது. வெயிலில் எல்லாமே லேசாக மிதந்துகொண்டிருந்தன, அவளும் பூவரசும்கூட. அவள் குடத்தைச் சாய்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தபோது குடம் அவள் வாயில் இருந்தது. அண்ணாந்து, மூச்சு வாங்கி வாங்கி, தண்ணீர் முழுவதையும் அவளே குடித்தாள். குடித்து முடித்துவிட்டு வயிற்றின்மேல் ஒரு கையையும் மண்ணின்மேல் ஒரு கையையும் வைத்துக்கொண்டாள். பிறகு காலிக் குடத்தோடு எழுந்து வந்தாள்.

"அவளுக்குப் பதிலா நான் குடிச்சுட்டேன்," என்று என்னைக் கடந்துபோகும்போது சொன்னாள்.

இருபது நாளும் அப்படித்தான். தினம் போவாள், மொள்வாள், உட்கார்ந்து குடிப்பாள், வருவாள். பாத்தி காய்ந்தது. ஓரத்தில் நான் செதுக்காமல் விட்டிருந்த புல்லும் வெளுத்து, மணலோடு மணலாகிவிட்டது. பூண்டு இலைகள் ஒவ்வொன்றாக மடங்கிச் சாய்ந்தன. இன்னும் ஒரு வாரம் போனால் அந்த இடம் எது என்று எனக்கே தெரியாது.

பங்குனி முதல் வாரத்தில் பிடுங்கினோம். ஆறும் உருண்டையாக, வெள்ளையாக, மேலே ஊதா வரி ஓடி வந்தன. நாலு பூண்டு நன்றாகப் பல் பிரிந்திருந்தது. இரண்டு மட்டும் பிரியாமல் ஒற்றைப் பல்லாகவே திரண்டிருந்தன. கடலோரத்தில் குளிர் போதவில்லை, அதனால் என்ன, மருந்துக்கு அதுதான் விசேஷம் என்று முனியம்மாள் பிறகு சொன்னாள். தாளோடு சேர்த்துக் கட்டினேன். வாசலில் அருமையான வெயில் அடித்தது. கருவாட்டுப் பாய் விரித்தபடியே கிடந்தது. என் கால் தானாக அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது, பழக்கம். நின்று, என்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு, உள்ளே தேவகி படுக்கிற இடத்துக்கு மேலே, காற்றாட நிழலில் தொங்கவிட்டேன்.

மூன்றாம் நாள் அவளுக்கு வலி எடுத்தது. பொழுது சாய்வதற்குள் பிறந்துவிட்டான். ஆண்குழந்தை, என்னைப் போலவே குரல். சுப்பராயலு வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அக்கா, உன் வாய் வந்துருக்குது," என்றான். அன்றைக்கு அவனைத் திட்டவில்லை.

பால்சுறாவை வேகவைத்து உதிர்த்தேன். முதல் பூண்டை எடுத்து நசுக்கினேன். அந்த வாசனை வீடெல்லாம் பரவியது. தேவகி வாங்கி ஒரு வாய் விடாமல் தின்றாள். மறுநாளும் தின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு அழுதான்.

மூன்றாம் நாள் காலை அவன் அழுகை சட்டென்று நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைவாயில் வெள்ளையாக வழிய, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தான். மொடக் மொடக் என்று சத்தம் கேட்டது. தேவகி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பூண்டா, சுறாவா, அவள் குடித்த இருபது குடம் தண்ணீரா, எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. பிள்ளை குடித்து மிச்சம். பீச்சி எடுக்காவிட்டால் காய்ச்சல் வரும். கொட்டாங்கச்சியில் பீச்சினாள், அது நிறைந்தது. இப்படி எடுத்த பாலை அடுப்பில் படாமல், மிதிபடாமல் ஏதாவது செடியின் அடியில் ஊற்றுவது வழக்கம். வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

"அக்கா," என்றாள்.

பிள்ளை பெற்ற வீட்டை விட்டு அவள் இன்னும் வெளியே வரக்கூடாது. பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மேலே பெரிய பூண்டு ஒன்று, வருகிற கார்த்திகையில் நடுவதற்காக நான் எடுத்து வைத்தது, காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"இனிமே ஊத்தலாமில்ல?"

தலையை ஆட்டினேன்.

கொட்டாங்கச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் மேடு ஏறி இறங்கினேன். பூவரசடியில் எல்லாம் ஒரே வெளுத்த மணலாகக் கிடந்தது. அடையாளம் ஒன்றும் இல்லை, ஆனால் நான் தேடவேண்டியிருக்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் செய்கிற மாதிரியே கையில் ஏந்திக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். மணல் அத்தனை பாலையும் குடித்தது.